மீட்டரில் 4.7 என்றால் 4 மணி 70 நிமிடம் இல்லை

தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, உப்பூர் பக்கம் கருவேலங்காட்டை அழிக்கவோ பண்ணைக்குட்டை வெட்டவோ ஜேசிபி பிடிக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். எங்கள் வீட்டில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். வண்டிக்காரர் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் இது ஒரு ஆளோடு முடிகிற விஷயமாகத் தெரியவில்லை, அக்கம்பக்கத்தில் விசாரித்தால் வேறு வண்டிக்காரர்களிடமும் இதே கணக்கு ஓடியிருக்கிறது.

எங்கள் புஞ்சை பல வருஷம் தரிசாகக் கிடந்து சீமைக்கருவேலம் ஆள் நுழைய முடியாத அளவுக்கு மண்டிவிட்டது. இது ஆவணி புரட்டாசியில் புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் காத்திருக்கிற பூமி, அதனால் அதற்கு முன்னாலேயே காட்டை அழித்து உழுதாக வேண்டும். கருவேலத்தை அரிவாளால் வெட்டிப் பிரயோஜனமில்லை, நாலு தூறல் விழுந்தால் மறுபடி துளிர்த்துவிடும், தூரோடு தோண்டி எடுக்க வேண்டும். சரி, வண்டி பிடித்தோம். மணிக்கு 1,200 ரூபாய், டீசல் அவர்களுடையது, ஆபரேட்டருக்குப் பேட்டாவும் சாப்பாடும் நம்முடையது என்று பேச்சு. வாடகையில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன், வேலையும் சுத்தமாகத்தான் இருந்தது. ஏமாற்று நடந்தது சாயங்காலம் சீட்டு எழுதும்போது.

மீட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் புரியும். ஜேசிபியில் ஆபரேட்டர் உட்காரும் இடத்தில் ஹவர் மீட்டர் ஒன்று இருக்கும். இன்ஜின் ஓடினால் அதுவும் ஓடும், வண்டி வேலை செய்யாமல் சும்மா நின்று உறுமிக்கொண்டிருந்தாலும் ஓடும். அதில் மணிதான் உண்டு, நிமிடம் கிடையாது. கடைசியில் தனியாகத் தெரிகிற ஒற்றை எண், மணியில் பத்தில் ஒரு பங்கு. சில மீட்டர்களில் புள்ளிகூட இருக்காது, அந்தக் கடைசிக் கட்டம் மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். ஒரு மணிக்கு 60 நிமிடம், அதைப் பத்தாக்கினால் பங்குக்கு 6 நிமிடம். ஆக அந்த எண் ஒன்று நகர்ந்தால் 6 நிமிடம் போயிருக்கிறது என்று அர்த்தம். இவர்கள் அதை 10 நிமிடமாக எழுதுகிறார்கள். மொத்த ஏமாற்றும் அவ்வளவுதான். கேட்கச் சின்னதாக இருக்கும், பணமாக மாறும்போது பாருங்கள்.

அன்றைக்குக் காலையில் வண்டி தொடங்கியபோது மீட்டரில் 4318.6, சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது 4323.3. வித்தியாசம் 4.7. அதாவது 4 மணியும் ஏழு ஆறு நாற்பத்திரண்டு நிமிடமும். சீட்டில் என்ன எழுதினார்கள் தெரியுமா? ‘5 மணி 10 நிமிடம்’. 7 என்பதை 70 நிமிடம் ஆக்கி, அதில் 60ஐ ஒரு மணியாக மேலே ஏற்றி, மிச்சம் 10. 5,640 ரூபாய் வரவேண்டிய இடத்தில் 6,200. மத்தியானத்துக்கு மேல் ஓடியது 3.5, அதாவது மூன்றரை மணி நேரம். அதற்குச் சீட்டு ‘3 மணி 50 நிமிடம்’. 4,200 ரூபாய்க்குப் பதில் 4,600. இரண்டையும் கூட்டி 9 மணி நேரம் என்று 10,800 ரூபாய் கேட்டார்கள். மீட்டர்படி அன்றைக்கு வண்டி ஓடியது 8.2 மணி, 9,840 ரூபாய்தான். ஒரே நாளில் 960 ரூபாய் அதிகம்.

காலை தனி, மாலை தனி என்று சீட்டைப் பிரித்து எழுதியதையும் கவனியுங்கள். மொத்தமாக 8.2 என்று எடுத்திருந்தால் அவர்கள் கணக்கின்படியே 8 மணி 20 நிமிடத்துக்கு மேல் வந்திருக்காது. பிரிக்கப் பிரிக்க ஒவ்வொரு துண்டிலும் ஒரு பின்னம் விழுகிறது, ஒவ்வொரு பின்னத்திலும் அவர்களுக்குக் காசு விழுகிறது. துண்டு 0.9ல் முடிந்தால் 54 நிமிடம் 90 நிமிடமாகிவிடும், அந்த ஒரு துண்டிலேயே 36 நிமிடம், 720 ரூபாய்.

மாட்டியது எப்படி என்றால், நான் காலையில் போனில் மீட்டரைப் படம் எடுத்திருந்தேன், நிறுத்தும்போதும் எடுத்தேன். முதல் படத்தின் நேரம் 8:50, இரண்டாவது படத்தின் நேரம் 1:40. நடுவில் டீக்கு வண்டியை அணைத்ததையும் சேர்த்தாலே 4 மணி 50 நிமிடம்தான். வண்டி எங்கள் நிலத்தில் நின்ற நேரமே அவ்வளவுதான் என்கிறபோது 5 மணி 10 நிமிடம் எப்படி ஓடியிருக்கும்?

கணக்கு எழுத வந்த பையனிடம் அப்பா கேட்டார். “மீட்டரைக் கழிச்சா கடைசில 7 வருது பாருங்கய்யா, மீட்டர் பொய் சொல்லுமா?” என்றான். நான் படத்தைக் காட்டியதும் போனில் முதலாளியைப் பிடித்துக் கொடுத்தான். அவர் எடுத்த எடுப்பில், “தம்பி, இந்த ஏரியாவுல எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க, உங்க அப்பாவே இத்தனை நாளா குடுத்துக்கிட்டுத்தான் இருக்காரு” என்றார். அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. அப்பா படிக்காதவர் இல்லை, வியாபாரத்தில் காலணா தவறாத மனிதர், எதிரில் நிற்பவன் மீட்டரைக் காட்டிச் சொல்லும்போது நம்பினார். நம்புகிற மனுஷனிடம்தான் இதைச் செய்கிறார்கள்.

தெரியாமல் நடந்த பிழையாக இருக்குமோ என்றுகூட நினைத்துப் பார்த்தேன். ஆபரேட்டர் சொன்ன ஒரு வார்த்தையில் அது போய்விட்டது. அவருக்கும் மீட்டர் கணக்கில்தான் கூலியாம், மணிக்கு இவ்வளவு என்று. “எனக்கு 4.7க்குத்தான் தருவாங்க அண்ணே, அஞ்சே காலுக்கா தருவாங்க?” என்றார். கூலி கொடுக்கும்போது 7 என்பது 42 நிமிடம், வாடகை வாங்கும்போது அதே 7 என்பது 70 நிமிடம். அவரைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை, அவர் பிழைப்பில் கை வைக்க எனக்கு விருப்பமில்லை.

அன்றைய கணக்கை மட்டும் திருத்திக்கொண்டார்கள். முந்தைய நாட்களுக்குக் கொடுத்தது, ‘முடிஞ்ச கணக்கு’ என்று ஒரே வார்த்தையில் போய்விட்டது. அந்தச் சீட்டுகளில் ஆரம்ப மீட்டரும் முடிவு மீட்டரும் எழுதவே இல்லை, வெறும் மணியும் நிமிடமும்தான் இருந்தது.

இதை என் சித்தப்பா மகனிடம் சொன்னபோது அவன் ஆச்சரியப்படவில்லை. ராமேஸ்வரத்தில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். அவனுக்கு ஜிபிஎஸ் தினசரி பாடம், பாகையிலும் (டிகிரி) ஒரு பாகைக்கு 60 நிமிடம்தான். போன் மேப்பில் ராமேஸ்வரத்தின் அட்சரேகை 9.28 என்று வரும், படகுக் கருவியில் அதே இடம் 9 பாகை 17 நிமிடம் என்று காட்டும், ஏனென்றால் 0.28ஐ 60ஆல் பெருக்கினால் 16.8. புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 28ஐ அப்படியே நிமிடமாக எடுத்துக் கருவியில் போட்டால் வடக்கே 11 கடல் மைலுக்கு மேல் தள்ளி, பாக் விரிகுடாவின் நடுக்கடலில் நிற்க வேண்டியதுதான். கடலில் அந்தத் தப்பை யாரும் செய்ய மாட்டார்கள், உயிர் சம்பந்தப்பட்டது. கரையில் அடுத்தவர் பணம்தானே போகிறது.

இதே புள்ளியை வைத்து எதிர்ப்பக்கமாகவும் ஏமாற்றுகிறார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் அத்தை மண்டபம் பக்கம் ஒரு நண்டு கம்பெனியில் வேலை பார்க்கிறார். அங்கே சதை எடுப்பவர்களுக்குக் கிலோ கணக்கு, தரம் பிரித்து டப்பாவில் அடைப்பவர்களுக்கு மணிக்கணக்கு, மணிக்கு 60 ரூபாய். எங்கள் கதையைக் கேட்டுவிட்டுத் தன் கூலி அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். 7 மணி 45 நிமிடம் வேலை பார்த்த நாளில் 7.45 என்று எழுதி, அதை அப்படியே 60ஆல் பெருக்கி 447 ரூபாய். 45 நிமிடம் என்பது முக்கால் மணி, 7.75 என்று எழுதியிருக்க வேண்டும், 465 ரூபாய் வந்திருக்க வேண்டும். அடுத்த நாள் 5 மணி 50 நிமிடம், அதற்கடுத்து 6 மணி 40 நிமிடம். மூன்றையும் சாதாரண எண்ணாகக் கூட்டி 19.35 என்று போட்டிருக்கிறார்கள், 1,161 ரூபாய். நிமிடத்தைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள், 45, 50, 40 சேர்ந்தால் 135 நிமிடம், அதாவது 2 மணி 15 நிமிடம், முன்னால் உள்ள 18 மணியோடு சேர்த்தால் 20 மணி 15 நிமிடம். 1,215 ரூபாய். மூன்று நாள் வேலையில் 54 ரூபாய் போயிருக்கிறது, ஏறக்குறைய ஒரு மணி நேரக் கூலி. ஒரு கொட்டகையில் எத்தனை பெண்கள், எத்தனை மாதம் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அட்டையில் இன்னொன்றும் பார்த்தேன். 6 மணி 5 நிமிடம் வேலை பார்த்த ஒரு நாளில் 6.05 என்று நடுவில் சுழியம் போட்டு எழுதியிருந்தது. 6.5 என்று எழுதினால் ஆறரை மணிக்கான கூலி கொடுக்க வேண்டிவரும் அல்லவா, அங்கே மட்டும் கை கவனமாக இருந்திருக்கிறது. மீட்டரின் கடைசி எண்ணைப் பத்துப் பத்து நிமிடமாக்கினால் வண்டிக்காரருக்கு லாபம், நிமிடத்தை அப்படியே புள்ளிக்குப் பின்னால் எழுதினால் கம்பெனிக்கு லாபம். பேனா யார் கையில் இருக்கிறதோ அந்தப் பக்கமே கணக்கு சாய்கிறது.

எனக்குப் பிடித்த வழி எல்லாவற்றையும் நிமிடமாக்கிவிடுவது. மணிக்கு 1,200 ரூபாய் என்றால் 60ஆல் வகுத்து நிமிடத்துக்கு 20 ரூபாய் என்று முதலிலேயே பேசி எழுதிவிடுங்கள். மீட்டரில் ஓடியது 4.7 என்றால் 60ஆல் பெருக்க 282 நிமிடம், 20ஆல் பெருக்கினால் 5,640, சண்டைக்கே இடமில்லை. நிமிடத்தை மணியாக்க வேண்டுமென்றால் 60ஆல் வகுக்க வேண்டும், 100ஆல் இல்லை. கால்குலேட்டர் வேண்டாம் என்பவர்களுக்கு நம்முடைய கால், அரை, முக்கால் போதும். எங்கள் அப்பத்தா பள்ளிக்கூடமே போகாதவர், 45 நிமிடத்தை முக்கால் மணி என்று டக்கென்று சொல்வார், முக்கால் ரூபாய் 75 காசு என்றும் சொல்வார். 15 நிமிடம் 0.25, 30 நிமிடம் 0.5, 45 நிமிடம் 0.75, நடுவில் வருவதை ஆறாறு நிமிடமாக எண்ணி ஒவ்வொன்றுக்கும் 0.1 சேர்த்தால் போதும். பல நாள் நேரத்தைக் கூட்டும்போது மணியைத் தனியாகவும் நிமிடத்தைத் தனியாகவும் கூட்டி, கடைசியில் 60 தாண்டியதை மேலே ஏற்றுங்கள்.

எக்செல்லில் போடுகிற பிள்ளைகளுக்கு ஒன்று. அதில் 7:45 என்று நேரமாக அடித்தால் அது உள்ளே ஒரு நாளின் பின்னமாகத்தான் உட்காரும், 24ஆல் பெருக்கினால்தான் 7.75 மணி கிடைக்கும். மொத்தம் 24 மணியைத் தாண்டினால் சாதாரண நேர வடிவத்தில் மிச்சத்தை மட்டும் காட்டும், 30 மணி 15 நிமிடம் 6:15 என்று தெரியும். அதையே உண்மையென்று எடுத்துக் கூலி போட்டுவிடாதீர்கள்.

வண்டி பிடிக்கும்போது தொடக்க மீட்டர், முடிவு மீட்டர் இரண்டையும் தேதி நேரத்தோடு படம் எடுங்கள், சீட்டில் அந்த இரண்டு எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அங்கேயே வண்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம். வண்டி உங்கள் ஊருக்கு வருகிற, திரும்பிப் போகிற நேரம் யார் கணக்கில் என்று முதலிலேயே பேசுங்கள். ஆபரேட்டர் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது இன்ஜினை அணைக்கச் சொல்லத் தயங்காதீர்கள், அதுவும் உங்கள் காசு. வேளாண் பொறியியல் துறையும் விவசாயிகளுக்கு மணி வாடகையில் இயந்திரங்கள் தருகிறது, வாடகையை அரசே நிர்ணயிக்கிறது, வரிசையில் காத்திருக்க முடிந்தால் அங்கே கேட்டுப் பாருங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்த சேவைக்கு வழக்குப் போடக் கட்டணம் கிடையாது. சீட்டும் படமும் கையில் இருந்தால்தான் அங்கே பேச முடியும், எங்களிடம் கடைசி நாளுக்கு மட்டும்தான் இருக்கிறது. கூலி விஷயம் தொழிலாளர் துறைக்குப் போக வேண்டியது, அத்தையும் அவரோடு வேலை பார்க்கிற சிலரும் அட்டைகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதே பக்கத்தில் வாடகைக்கு வண்டி பிடித்தவர்கள் யாரிடமாவது மீட்டர் எண் உள்ள சீட்டு இருந்தால், பெயரை மறைத்துவிட்டுப் படத்தை எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து கணக்குப் போட்டு எவ்வளவு கூடுதல் என்று சொல்கிறேன்.