கையால் ஹிப்போகேம்பஸ் வரைய ஐடிகே-ஸ்னாப்: எங்கே உதவும், எங்கே காலை வாரும்

ஆய்வறிக்கைக்காக எம்.ஆர்.ஐ படத்தில், ஞாபகத்துக்கு உரிய மூளைப்பகுதியான ஹிப்போகேம்பஸின் கனவளவைக் கையால் அளக்க நினைக்கும் கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் அதற்காகக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. மட்டக்களப்பில் வீட்டில் இருக்கும் சாதாரண மடிகணனியும் ஐடிகே-ஸ்னாப்பும் போதும். குய்டோ கெரிக்கும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் போல் யுஷ்கேவிச்சும் உருவாக்கிய மென்பொருள் இது. முற்றிலும் இலவசம். ஒருதரம் இறக்கிவிட்டால் பிறகு இணையமும் வேண்டாம்.

இதன் பலம், மூளையை முன்னிருந்தும் (கொரோனல்), பக்கத்திலிருந்தும் (சஜிட்டல்), மேலிருந்தும் (அக்சியல்) வெட்டிக் காட்டும் மூன்று தளங்களும் ஒரே திரையில் ஒன்றோடொன்று இணைந்து நிற்பது. கொரோனலில் ஒரு புள்ளியைத் தொட்டால் சஜிட்டலிலும் அக்சியலிலும் குறுக்குக்கோடு அதே இடத்துக்குப் போகும். ஹிப்போகேம்பஸின் தலைப்பகுதிக்கு இது இல்லாமல் சரிவராது. அமிக்டலா என்ற பக்கத்து மூளைப்பகுதி அதற்கு மேலும் முன்னுமாகச் சாய்ந்து கிடக்கிறது. டீ1 என்ற வகை எம்.ஆர்.ஐ படத்தில் இரண்டுக்கும் ஒரே சாம்பல் நிறம். இடையில் அல்வியஸ் என்ற நரம்பிழைப் படலம் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரிந்தால் எல்லை அதுதான். கொரோனலில் அது மங்கினால் சஜிட்டலுக்குப் போங்கள். பெரும்பாலும் அங்கே கோடும், மூளைத் திரவம் நிறைந்த பக்க அறையின் கறுப்பு நுனியும் பிடிபடும். இதே காரணத்தால் எல்லையைத் தானாகத் தேடி விரியும் மென்பொருளின் 'ஸ்னேக்' வசதி இங்கே உதவாது, அமிக்டலாவுக்குள் கசிந்துவிடும். நிறத்தைப் பார்த்துத் தானாகப் பூசும் அடப்டிவ் பிரஷ்ஷும் அப்படித்தான்.

புள்ளிகளை இணைத்து எல்லை வரையும் பொலிகன் கருவியே கைக்கு நல்லது. எல்லை தெளிவாக இருக்கும், ஹிப்போகேம்பஸின் நடுவிலுள்ள உடல்பகுதியில் தொடங்குங்கள். புள்ளிகளை வைத்து, வலது கிளிக்கால் மூடி, புள்ளிகளை இழுத்துத் திருத்தியபின் 'அக்செப்ட்' கொடுங்கள். அடுத்த வெட்டில் (படத்தின் அடுத்த துண்டில்) 'பேஸ்ட்' அழுத்தினால் பழைய வடிவம் வரும், திருத்தினால் போதும். தலையில் மட்டும் பேஸ்ட் செய்யாதீர்கள். அங்கே வடிவம் வெட்டுக்கு வெட்டு மாறும். மேல்பக்கம் பக்க அறைக்குள் தொங்கும் கொரொயிட் பின்னல் என்ற இரத்தக்குழாய்க் கொத்தையும் சேர்த்து வரைவது புதியவர்கள் வழமையாக விடும் பிழை.

எங்கே நிறுத்துவது என்பதை மென்பொருள் சொல்லாது. முன்பு பலர் ஃபோர்னிக்ஸ் என்ற நரம்பிழைக் கட்டின் தண்டு முழுதாகத் தெரியும் வெட்டோடு வாலை நிறுத்தினார்கள். 2015இல் வெளிவந்த ஹார்ப் என்ற பொது அளவீட்டு நெறிமுறையோ வால் முழுவதையும், அல்வியஸையும் அதன் தொடர்ச்சியான ஃபிம்ப்ரியாவையும் உள்ளே சேர்க்கிறது. எதை எடுத்தாலும் எழுதி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். இரண்டையும் கலந்து எடுத்த அளவு ஒப்பிட உதவாது.

கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு பக்கத்து ஹிப்போகேம்பஸை 40 மில்லிமீற்றர் நீளமும் 3,000 கன மில்லிமீற்றர் கனவளவும் உள்ள உருளை என்று வைப்போம். ஆரை 5 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. சுற்றிலும் அரை மில்லிமீற்றர் வெளியே வரைந்தால் கனவளவு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். ஆரம்ப அல்சைமரில் நாம் தேடும் சுருக்கமே ஏறக்குறைய அவ்வளவுதான்! கான்ட்ராஸ்டைக் கூட்டிக் குறைத்தாலே விளிம்பு நகர்ந்ததுபோல் தெரியும் என்பதால், எல்லாப் படங்களுக்கும் ஒரே முறையில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

குறைகளும் உண்டு. தலை சாய்ந்து எடுத்த படத்தை மூளையின் முன், பின் இணைப்பிழைகளைச் சேர்க்கும் ஏசி-பீசி கோட்டுக்கு நேராக்குவது இதில் சுகமில்லை. அந்த வேலையைத் திரீ-டி ஸ்லைசர் மென்பொருளில் முடித்துவிட்டு வாருங்கள், அதுவும் இலவசம். இருவர் வரைந்தது எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற டைஸ் எண்ணைத் திரையில் தேடாதீர்கள். தனியாக இறக்க வேண்டிய சி3டி என்ற அதன் துணைக் கட்டளைக் கருவியில்தான் எடுக்க வேண்டும். கனவளவு மட்டும் 'வொல்யூம்ஸ் அண்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' பட்டியலில் நேரடியாக வரும். இடம் வலம் கவனம்: திரையின் இடப்பக்கம் நோயாளியின் வலப்பக்கம். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊர், ஆகையால் சில வெட்டுகளுக்கு ஒருமுறை சேமியுங்கள். நோயாளியின் பெயர் ஸ்கான் படம் சேமிக்கப்படும் டைகொம் கோப்புக்குள்ளேயே இருக்கும். பென்டிரைவில் ஏற்றுமுன் அழித்துவிடுங்கள்.

ஸ்கான் இறுவட்டு கையில் வந்ததும் முதலில் வெட்டின் தடிப்பைப் பாருங்கள். 1 மில்லிமீற்றர் என்றால் தாராளமாகத் தொடங்கலாம். வழமையான நோயறி படத்தின் 5 மில்லிமீற்றர் வெட்டு என்றால் ஹிப்போகேம்பஸ் முழுவதும் எட்டே வெட்டுக்குள் முடிந்துவிடும், அதில் தலைக்கு இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். அதை எந்த மென்பொருளிலும் அளக்கப் போகாதீர்கள், வேறு படம் கேளுங்கள்.