துறை அலுவலகத் தொலைபேசி: 23 ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

சென்னைப் புறநகரில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை அலுவலகத்தில் 2001-இல் நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது, முதலில் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு தொலைபேசிதான். இன்று அதே அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். இடைப்பட்ட காலத்தில் மூன்று வகை அமைப்புகளைப் பயன்படுத்திவிட்டோம். வெளி அழைப்பு எதுவானாலும் ஆபரேட்டர் வழியாகவே வர வேண்டிய பழைய இ.பி.ஏ.பி.எக்ஸ். (வளாகத்துக்கென்றே உள்ள எக்ஸ்சேஞ்ச்) முதலாவது, 2011-இல் வந்த பி.ஆர்.ஐ. இணைப்பு (ஒரே கம்பியில் பல அழைப்புகளைக் கொண்டுவரும் டிஜிட்டல் இணைப்பு) இரண்டாவது, 2022 முதல் கணினி நெட்வொர்க் வழியாக இயங்கும் ஐ.பி. தொலைபேசி. புதிய அமைப்பை வாங்கவிருக்கும் துறைகளுக்கு, எந்த வசதி அன்றாடம் கைகொடுக்கிறது, எது விளக்கக் கையேட்டோடு நின்றுவிடுகிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஆளுக்கொரு கைப்பேசி இருக்கும்போது துறைக்கு எதற்குத் தனித் தொலைபேசி என்ற கேள்வி ஒவ்வொரு நிதியாண்டிலும் எழுகிறது. எங்கள் துறையில் தலைவர் பொறுப்பு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சுழற்சியில் மாறுகிறது. அலுவலகப் பணியாளர்களும் இடமாறுதலில் போகிறார்கள், வருகிறார்கள். ஆனால் நான் சேர்ந்த பிறகு ஏழு தலைவர்கள் மாறியும் தலைவரின் மேசை எண் மாறவில்லை. 2004-இல் ஆய்வுப் பட்டம் பெற்றுச் சென்ற ஒருவர், 19 ஆண்டுகள் கழித்துத் தம் சான்றிதழ் சரிபார்ப்புக்காகப் பழைய டைரியில் இருந்த எக்ஸ்டென்ஷனை (மேசைக்குரிய உள் எண்ணை) ஆபரேட்டரிடம் சொன்னபோது அழைப்பு சரியான மேசைக்கு வந்தது. அந்த எண் நாற்காலிக்கு உரியது, அதில் அமர்பவருக்கு உரியதன்று. மற்ற எல்லா வசதிகளையும் இந்த ஒரு அளவுகோலை வைத்தே நான் எடைபோடுகிறேன்.

மிக அதிகமாகப் பயன்படுவதும், மிக அதிகமாகத் தவறாகப் பயன்படுத்தப்படுவதும் அழைப்பை மாற்றிக் கொடுக்கும் வசதி. ஃப்ளாஷ் பொத்தானை அழுத்தி, எக்ஸ்டென்ஷன் எண்ணைப் போட்டு, மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியதுமே ரிசீவரை வைத்துவிடுவது ஒரு முறை. அங்கே ஒருவர் எடுக்கும் வரை காத்திருந்து, யார் அழைக்கிறார், என்ன வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு இணைப்பது மற்றொரு முறை. இரண்டாவதற்குக் கூடுதலாக அரை நிமிடம் ஆகலாம். 2008-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மகளின் மாற்றுச் சான்றிதழுக்காகத் தருமபுரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எஸ்.டி.டி. (வெளியூர் அழைப்பு) பூத்தில் நின்றுகொண்டு பேசிய ஓர் அம்மாவின் அழைப்பு என்னிடம் வந்தபோது, அவர் முதலில் சொன்னது, "நாலு பேருகிட்ட சொல்லிட்டேன் சார், அஞ்சாவதா உங்ககிட்ட சொல்றேன், வச்சிடாதீங்க" என்பதுதான். அவரை அனுப்பிய நால்வரும் அடுத்தவரிடம் ஒரு சொல்கூடச் சொல்லாமல் ரிசீவரை வைத்திருந்தார்கள். பூத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது அவர் குரலிலேயே தெரிந்தது. அன்று முதல் எங்கள் அலுவலகத்தில், மறுமுனையில் ஆள் எடுத்துப் பேசாமல் அழைப்பை மாற்றுவதில்லை. புதிதாகச் சேருகிறவருக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடக் கற்றுத்தரும் நாளிலேயே இதையும் கற்றுத்தருகிறோம். ஃப்ளாஷ் பொத்தான் இல்லாத பழைய கருவிகளில் ரிசீவர் வைக்கும் கட்டையை விரலால் ஒருமுறை தட்ட வேண்டும். சற்றே அதிக நேரம் அழுத்திவிட்டால் இணைப்பு அறுந்துவிடும். ஆகவே பொத்தான் உள்ள கருவியையே கேட்டு வாங்குங்கள்.

அதற்கு அடுத்த இடம் பிக்கப் குழுவுக்கு. ஒரே அறையிலோ வராந்தாவிலோ உள்ள எக்ஸ்டென்ஷன்களை ஒரு குழுவாகச் சேர்த்துவிட்டால், பக்கத்து மேசையில் மணி அடிக்கும்போது எழுந்து ஓடாமல் நம் கருவியிலிருந்தே ஒரு குறியீட்டைப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். எங்கள் அலுவலகத்தில் ஐந்து மேசைகள், ஒரு குழு. உணவு இடைவேளையில் ஒருவர் இருந்தாலே போதும். எந்தச் செலவும் இல்லாத இந்த வசதியைப் பல துறைகள் கேட்டுப் பெறுவதே இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். மாநாட்டு அழைப்பு, தொந்தரவு வேண்டாம் பொத்தான் ஆகியவை எப்போதாவது பயன்பட்டன. குரல் அஞ்சல் எங்களுக்குப் பயன்படவே இல்லை. பதிவுக் குரலைக் கேட்டதும் எங்களை அழைப்பவர்கள் வைத்துவிடுகிறார்கள்.

பி.ஆர்.ஐ. வந்தபோதுதான் வெளியுலகத்துடன் எங்கள் உறவு மாறியது. அதற்கு முன் ஒரு பொது எண்ணின் பின்னால் பன்னிரண்டு லைன்கள் ஹண்டிங்கில் இருந்தன. ஒன்று வேலையில் இருந்தால் அழைப்பு அடுத்ததற்குப் போகும், பன்னிரண்டும் நிரம்பிவிட்டால் வளாகம் முழுவதுக்கும் ஒரே பிஸி ஒலிதான். சேர்க்கைக் காலத்தில் காலை பத்து மணிக்கு மேல் யாரும் உள்ளே வர முடியாது. ஒரு பி.ஆர்.ஐ. இணைப்பில் ஒரே நேரத்தில் 30 பேர் பேசலாம். நேரடி உள்அழைப்பு வசதி வழியாக ஒவ்வொரு மேசைக்கும் வெளியிலிருந்து நேராக அடையக்கூடிய எண் கிடைத்தது; அதன் கடைசி நான்கு இலக்கங்களே உள் எக்ஸ்டென்ஷனும் ஆனதால் நினைவில் வைப்பதும் எளிதாயிற்று.

எந்த மேசையிலிருந்து எந்த வகை அழைப்பு போகலாம் என்ற அனுமதிப் பட்டியல்தான் பெரும்பாலான துறைகள் கவனிக்காமல் விடும் இடம். எங்கள் எக்ஸ்சேஞ்சில் வெளி லைன் பெற 0 போட வேண்டும். ஆய்வகங்களுக்கு உள்ளூர் அனுமதி மட்டும் இருந்தது. அதாவது வெளி லைன் கிடைத்த பிறகு மறுபடியும் 0-வில் தொடங்கும் எதையும் எஸ்.டி.டி. என்று கருதி எக்ஸ்சேஞ்ச் தடுத்துவிடும். 2021 ஜனவரி 15 முதல், தரைவழித் தொலைபேசியிலிருந்து எந்தக் கைப்பேசியை அழைத்தாலும் எண்ணுக்கு முன் 0 சேர்க்க வேண்டும் என்ற விதி நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சொந்தத் தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் 0 தேவையில்லை. அன்று காலை முதல் எங்கள் ஆய்வகங்கள் எதிலிருந்தும் ஒரு கைப்பேசியைக்கூட அழைக்க முடியவில்லை. இறுதியாண்டு முதுகலை மாணவர்கள் ஊரடங்குக்குப் பின் மீண்டும் வரத் தொடங்கியிருந்த நேரம் அது. விடுதி, சுகாதார மையம், பெற்றோர் என்று எல்லாரையும் கைப்பேசியில்தான் பிடிக்க வேண்டியிருந்தது. கருவி பழுது என்று நான்கு ஆய்வகங்கள் புகார் எழுதின. பழுது எதுவும் இல்லை. விதி மாறியதற்கு ஏற்ப அனுமதிப் பட்டியலை யாரும் திருத்தவில்லை, அவ்வளவே. பராமரிப்பு ஒப்பந்தக்காரர் வந்து திருத்த ஒன்பது நாட்கள் ஆயின. வந்தவர் செய்த வேலை பத்து நிமிடம்தான்.

இதைவிட முக்கியமான ஒன்றை 2013-இலேயே கற்றிருந்தோம். ஆய்வகத்தில் ஒரு மாணவரின் முன்கையில் அமிலம் பட்டபோது, உடனிருந்த மாணவி சுவர்த் தொலைபேசியில் 108 போட்டார். தவறான எண் என்ற ஒலி வந்தது. மறுபடியும் போட்டார், மறுபடியும் அதே ஒலி. முன்னால் ஒரு 0 சேர்த்திருந்தால் கிடைத்திருக்கும். அந்தப் பதற்றத்தில் அது யாருக்குத் தோன்றும்? அவர் மாடிப்படி இறங்கி அலுவலகத்துக்கு ஓடிவந்தார். காயம்பட்டவரின் கையைத் தண்ணீர்க் குழாயின் கீழ் மற்றவர்கள் பிடித்துக்கொண்டிருந்ததால் பெரிய பாதிப்பு இல்லாமல் போயிற்று. மறுநாளே கடிதம் எழுதி, 108 எண்ணை எந்த எக்ஸ்டென்ஷனிலிருந்தும் 0 இல்லாமல் போகும்படி செய்யச் சொன்னோம். பிறகு பொது அவசர எண்ணான 112 வந்தபோது அதையும் சேர்த்தோம். கட்டணமில்லா 1800 வரிசையும் பல மேசைகளில் தடுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் பகடிவதைத் தடுப்பு உதவி எண்ணான 1800-180-5522 அந்த வரிசையில்தான் இருக்கிறது. முதலாண்டு மாணவர்கள் அறிவிப்புப் பலகையில் பார்க்கும் எண், அதே பலகைக்கு அருகில் உள்ள தொலைபேசியில் கிடைக்காமல் இருப்பதை ஒரு துறை ஏற்கக் கூடாது.

அழைப்பைத் திருப்பிவிடும் வசதியைப் பற்றி என் கருத்து ஊரடங்கின்போதுதான் முழுமையடைந்தது. 2020 மார்ச் 24 மாலை ஆறு மணி முதல் தமிழ்நாட்டில் 144 தடை என்று அறிவித்திருந்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு அலுவலகத்தைப் பூட்டுவதற்கு முன், துறையின் பொது எண்ணை என் கைப்பேசிக்குத் திருப்பிவிட்டேன். கருவியின் முன் நின்றால்தான் அதைச் செய்ய முடியும். செய்யாமல் வீட்டுக்குப் போன துறைகளின் தொலைபேசிகள் மாதக்கணக்கில் பூட்டிய அறைகளில் அடித்துக்கொண்டே இருந்தன. என் அழைப்புகளிலும் இரண்டு சங்கடங்கள் இருந்தன. திருப்பிவிடப்படும் ஒவ்வோர் அழைப்பும் உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என இரண்டு தடங்களைப் பிடித்துக்கொள்கிறது. மேலும், என் திரையில் அழைத்தவரின் எண்ணுக்குப் பதிலாகப் பல்கலைக்கழகத்தின் எண்ணே தெரியும். எடுக்கத் தவறினால் யாரைத் திரும்ப அழைப்பது என்று தெரியாது. ஆகவே பேசிய எல்லாரிடமும் என் சொந்த எண்ணைக் கொடுத்தேன். அது மாணவர் குழுக்களில் பரவி, இன்றுவரை இரவு பத்து மணிக்கும் தேர்வு முடிவு கேட்டு அழைப்பு வருகிறது. மாணவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நாற்காலிக்கு உரிய எண் ஓர் ஆளின் சட்டைப்பைக்குள் போய்விட்டால் அதைத் திரும்ப வாங்க முடியாது என்பதை நான் பட்டறிந்தேன்.

ஐ.பி. தொலைபேசி இந்தக் குறையைத் தீர்த்தது என்பதை மனமாரச் சொல்ல வேண்டும். கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவிக்கொண்டால் துறையின் எண்ணிலேயே அழைக்கவும் எடுக்கவும் முடிகிறது. அழைத்தவரின் எண் சரியாகத் தெரிகிறது. தவறிய அழைப்புகளின் பட்டியல் மறுநாள் காலையில் மேசைக் கருவியின் திரையிலும் இருக்கிறது. தேர்வுப் பணிக்காக வேறு கட்டடத்துக்குப் போனால் எண்ணும் கூடவே வருகிறது. பழைய அமைப்பில் அக்டோபர் இடிமழைக்கு ஆண்டுதோறும் எக்ஸ்சேஞ்சில் ஒரு கார்டாவது (மேசைகளின் கம்பிகள் சேரும் மின்சுற்றுப் பலகை) பறிபோகும். ஒரு கார்டு போனால் 16 மேசைகள் ஒன்றாக ஊமையாகும். அந்தத் தொல்லை இப்போது இல்லை. குரலும் தெளிவு.

ஆனால் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பழைய எக்ஸ்சேஞ்ச் அறையில் வரிசையாக பேட்டரிகள் இருந்தன. வளாகத்தின் அத்தனை கருவிகளுக்கும் தேவையான மின்சாரம் செம்புக் கம்பி வழியாக அங்கிருந்தே போயிற்று. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது, மின்சாரமும் கைப்பேசிக் கோபுரங்களும் ஒன்றாக ஓய்ந்தன. விடுதிக் காப்பாளரும் சுகாதார மையமும் காவல் அறையும் எங்கள் ஆய்வகக் காவலரும் அன்றிரவு முழுவதும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டது இன்டர்காமில்தான். வேரோடு சாய்ந்த ஒரு மரம் கேபிளையும் பிய்த்துக்கொண்டு போனதால் கிழக்கு விடுதி மட்டும் துண்டிக்கப்பட்டது. மற்ற எல்லா இடத்திலும் டயல் டோன் இருந்தது. ஐ.பி. கருவிக்கோ, மின்சாரம் வராந்தாப் பெட்டியில் உள்ள நெட்வொர்க் சுவிட்சிலிருந்து வருகிறது. அந்தப் பெட்டிக்கு யு.பி.எஸ். இல்லையென்றால், விளக்கு அணையும் நொடியிலேயே அந்தத் தளத்தின் தொலைபேசிகள் அத்தனையும் அணையும். எங்கள் முதல் தளத்தில் எட்டு மாதங்கள் அப்படித்தான் இருந்தது. ஒப்பந்தப் புள்ளியில் கருவிகளின் எண்ணிக்கை இருந்தது, பெட்டிக்கான யு.பி.எஸ். இல்லை. மூன்று கடிதங்களுக்குப் பிறகு வந்தது.

தானியங்கி வரவேற்புக் குரலில் ஆங்கிலம் முதலில் வந்து, தமிழுக்கு எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்பதையும் ஆங்கிலத்திலேயே சொல்லும்படி அமைத்திருந்தார்கள். எங்களை அழைப்பவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து முதன்முதலாகப் பட்டம் படிக்க வந்தவர்களின் பெற்றோர். தமிழை முதலில் வைக்க வேண்டும் என்று கேட்டோம். ஒரு வாரத்தில் மாற்றித் தந்தார்கள். அதே குரலில், எதையும் அழுத்தாமல் காத்திருந்தால் ஆபரேட்டர் எடுப்பார் என்ற வரியையும் சேர்க்கச் சொன்னோம். அந்த ஆபரேட்டர் பணியிடத்தை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

ஐ.பி. முறைக்கு மாறியபோது இரண்டு செம்புக் கம்பி இணைப்புகளை மட்டும் எடுக்கக் கூடாது என்று எழுதிக் கேட்டு வாங்கினோம். ஒன்று அமிலக் கிடங்கில் இருக்கிறது. மற்றொன்று என்.எம்.ஆர். கருவி (வலிய காந்தத்தைக் கொண்டு மூலக்கூறுகளை ஆராயும் கருவி) அறையின் வாசலில், காந்தப்புலத்தின் பாதுகாப்பு எல்லையாகத் தரையில் மஞ்சள் வண்ணத்தில் போட்ட 5 காஸ் கோட்டுக்கு வெளியே, சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. அந்த அறைக்குள் காந்தப்புலம் மிகுதி என்பதால் கைப்பேசியையும் கடன் அட்டையையும் வெளியே தட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். காந்தத்துக்குத் திரவ நைட்ரஜன் நிரப்பும் நாட்களில் உள்ளே இருப்பவருக்கு வெளியுலகம் என்பது அந்தச் சாம்பல் நிறக் கருவி ஒன்றுதான். சுருள் கம்பி நீண்டு தொய்ந்துவிட்டது. 4, 7 பொத்தான்களில் எழுத்து தேய்ந்துவிட்டது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலையில் நானே போய் ரிசீவரை எடுத்து, டயல் டோன் கேட்டு, காவல் அறைக்கு ஒருமுறை பேசிவிட்டு, அருகில் தொங்கும் அட்டையில் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன்.