ஸ்கைவாட்சர் ஹெரிடேஜ் 130பி: ஸ்டூல் மேல் உட்காரும் தொலைநோக்கி

தொலைநோக்கிப் பெட்டியின் மேல் ‘525 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். லென்ஸ் அல்லது ஆடியின் விட்டத்தை மி.மீ.யில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். அந்தத் தொலைநோக்கியின் எல்லை அவ்வளவுதான். 60 மி.மீ. லென்ஸ் என்றால் 120 மடங்கு. அதைத் தாண்டினால் படம் பெரிதாகி மங்குமே தவிர, புதிதாக ஒன்றும் தெரியாது. விட்டத்துக்கு அடுத்து பார்க்க வேண்டியது கால். ஒல்லியான அலுமினிய முக்காலியில் நிற்கும் 70 மி.மீ. குழாயில், ஃபோகஸ் திருகைத் தொட்டாலே வியாழன் துள்ளும்.

ஹெரிடேஜ் 130பி-யில் முக்காலியே கிடையாது. 1960களில் ஜான் டாப்சன் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிரபலப்படுத்திய பலகைத் தாங்கியின் குட்டி வடிவம் இது: சுழலும் வட்டப் பலகை, அதில் ஒற்றைக் கை, கையில் குழாய். காலுக்குப் போக வேண்டிய காசு ஆடிக்குப் போயிருக்கிறது. 130 மி.மீ. பரவளைய ஆடி, குவியத் தூரம் 650 மி.மீ., அதாவது விட்டத்தைப் போல் ஐந்து மடங்கு, எஃப்/5. 70 மி.மீ. லென்ஸைவிட ஏறக்குறைய மூன்றரை மடங்கு ஒளியைச் சேர்க்கும். குழாயை மூடினால் ஒன்றரை அடிக்குள் அடங்கிவிடும், மொத்த எடை சுமார் ஆறு கிலோ. ஒரு கையில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறலாம்.

கூடவே வரும் 25 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) 26 மடங்கு கிடைக்கும். வானத்தில் தெரியும் பரப்பு ஏறக்குறைய 2 டிகிரி, நான்கு முழுநிலவை வரிசையாக வைக்கும் அகலம். கார்த்திகைக் கூட்டத்தின் பிரகாசமான நட்சத்திரங்கள் மொத்தமும் அதில் அடங்கும். 10 மி.மீ. ஐபீஸ் 65 மடங்கு. சனியின் வளையம் கோளை விட்டுப் பிரிந்து நிற்பதும், வியாழனின் இரண்டு பட்டைகளும் நான்கு நிலவுகளும் அதிலேயே தெரியும். ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் சாம்பல் நிறச் சிறகாகத்தான் தெரியும், புகைப்படங்களில் வரும் சிவப்பை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் அதன் நடுவே நான்கு நட்சத்திரங்கள் ஊசிமுனைகளாகக் குத்தி நிற்பதைப் பார்த்தால், வாங்கியதற்கு அதுவே போதும்.

இனி குறைகள். ஐபீஸைத் தாங்கி ஃபோகஸ் செய்யும் ஃபோகஸர் மரையில் திருகி ஏறி இறங்கும் வகை, மரை கொஞ்சம் லொடலொடக்கும். திருப்பும்போது படம் பக்கவாட்டில் ஓடினால் காரணம் அதுதான். குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை மரையின் போக்கிலேயே இரண்டு மூன்று சுற்று சுற்றித் திருகுங்கள், ஆட்டம் நின்றுவிடும். அடுத்தது, குழாயின் மேல்பாதி திறந்த கம்பிகள். தெருவிளக்கு நேராக உள்ளே விழுந்து வானத்தை வெளிறடிக்கும். கறுப்பு ஃபோம் ஷீட்டைக் குழாயின் சுற்றளவுக்கு ஓரிரு அங்குலம் கூடுதலாக வெட்டி, சுருட்டி, கம்பிகளைச் சுற்றி மாட்டுங்கள். துணி வேண்டாம், உள்ளே தொய்ந்து ஒளியின் வழியை மறைக்கும்.

எதன் மேல் வைக்கிறீர்கள் என்பது ஐபீஸைவிட முக்கியம். பிளாஸ்டிக் ஸ்டூல் வளையும். 40 முதல் 50 செ.மீ. உயரமுள்ள கனமான மர ஸ்டூல் நல்லது, மூன்று கால் என்றால் மேடு பள்ளத்திலும் ஆடாது. 65 மடங்கில் குழாயை லேசாகத் தட்டிப் பாருங்கள். ஓரிரு நொடியில் படம் நின்றால் சரி.

எஃப்/5 குழாயில் ஆடிகள் சற்று விலகினாலும் கோள்கள் குழையும். கம்பிகளை இழுத்து மூடுவதாலும் பயணக் குலுக்கலாலும் விலகல் வரத்தான் செய்யும், அதனால் ஆடிகளை மீண்டும் நேர்படுத்தும் காலிமேஷனைக் கற்றே ஆக வேண்டும். ஃபோகஸர் மூடியின் நட்ட நடுவில் 2 மி.மீ. துளை போட்டால் கருவி தயார். குழாயைக் கிடையாகப் பிடியுங்கள், திருகும் சாவி நழுவினாலும் ஆடி மேல் விழாது. துளை வழியாகப் பார்த்தால், குழாய் வாயருகே சாய்ந்திருக்கும் சிறு ஆடிக்குள், அடியில் உள்ள பெரிய ஆடியின் மூன்று கிளிப்புகளும் தெரிய வேண்டும். ஒன்று மறைந்தால் சிறு ஆடியின் பின்னால் உள்ள மூன்று ஆலன் திருகுகளில் ஒன்றைக் கால் சுற்று தளர்த்தி, மற்றவற்றை இறுக்குங்கள். பிறகு அடிப்பக்கத் திருகுகளால், துளையின் பிம்பத்தைப் பெரிய ஆடியின் நடுவில் உள்ள வளையக்குறிக்குள் கொண்டுவாருங்கள். இரவில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை லேசாக ஃபோகஸ் கலைத்துப் பாருங்கள். வளையங்கள் ஒரே மையத்தில் இருந்தால் வேலை முடிந்தது, ஒரு பக்கம் நெருங்கினால் அடித்திருகை மீண்டும் தொட வேண்டும்.

10 மி.மீ. ஐபீஸ்தான் இந்தப் பெட்டியில் பலவீனமானது. முதல் கூடுதல் செலவு 66 டிகிரி தோற்றப் பரப்புள்ள (ஐபீஸுக்குள் கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் அகலம்) 6 மி.மீ. ஐபீஸாக இருக்கட்டும். 108 மடங்கு வரும், கோள் இரண்டு நிமிடத்துக்கு மேல் பார்வைக்குள் நிற்கும், அதன்பின் விரலால் தள்ளினால் போதும். நிலா ஃபில்டர், 4 மி.மீ. ஐபீஸ் எல்லாம் இப்போது வேண்டாம்.

குறிபார்க்க உதவும் சிவப்புப் புள்ளிக் கருவியான ரெட் டாட்டைப் பகலில் தூரத்துக் கோபுரம் ஒன்றை வைத்துச் சரிசெய்துவிட்டு, வேலை முடிந்ததும் மறக்காமல் அணையுங்கள், பட்டன் பேட்டரி தீர்ந்துவிடும். அதற்கென்று சூரியன் பக்கம் குழாயைத் திருப்பவே கூடாது, ஒரு நொடியில் கண் போய்விடும்.

மூடிய குழாயே பிடிக்கும் என்றால் இதே 130/650 அளவில் ஜுமெல் இசட்130 இருக்கிறது. மடங்காது, ஆனால் ஃபோகஸர் உறுதி. கொஞ்சம் கூடுதல் எடை தூக்க முடியுமென்றால் ஹெரிடேஜ் 150பி. குவியத் தூரம் 1000 மி.மீ. என்று எழுதிவிட்டு, குழாய் மட்டும் அரை மீட்டர் இருக்கும் 114 மி.மீ. நியூட்டோனியன்களை (ஆடித் தொலைநோக்கிகளை) ஒதுக்குங்கள். ஃபோகஸருக்குள் ஒரு மலிவான லென்ஸைச் செருகித்தான் அந்த நீளத்தைக் காட்டுகிறார்கள், அதில் காலிமேஷன் பெரும்பாடு.

பார்த்து முடித்ததும் ஆடியில் பனி படிந்திருந்தால் துடைக்காதீர்கள், பூச்சில் கீறல் விழும். வீட்டுக்குள் கொண்டுவந்து மூடியைத் திறந்தபடி விட்டு, தானாக உலர்ந்த பிறகு மூடுங்கள்.