ஷிஃப்ட்எம்எல்: ஹைட்ரஜனுக்குக் கெட்டி, கார்பனுக்கு யோசிக்கணும்

திடநிலை என்எம்ஆரில் (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) பொடி மாதிரிகளை ஓட்டுவது என் வேலை. ஸ்பெக்ட்ரம் எடுப்பது பெரிய பாடில்லை. எந்தச் சிகரம் எந்த அணுவுடையது என்று சொல்வதுதான் தலைவலி. அதற்கு நான் நம்பியிருந்தது இயற்பியலாளர்கள் பிக்கார்டும் மௌரியும் 2001-ல் கொடுத்த ஜிபா (GIPAW) முறை; படிக அமைப்பைக் கொடுத்தால் சிகரங்கள் எங்கே வரும் என்று குவாண்டம் கணக்கில் சொல்லும். துல்லியத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அலகுக்கூட்டில் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு கட்டம்) அணுக்கள் இரண்டு மடங்கானால் கணக்கிடும் நேரம் ஏறக்குறைய எட்டு மடங்காகும்.

ஷிஃப்ட்எம்எல் 2018-ல் சுவிட்சர்லாந்தில் லோசானின் இபிஎஃப்எல் பல்கலைக்கழகத்தில் உருவானது. சுமார் 2000 கரிமப் படிகங்களின் டிஎஃப்டி கணக்குகளை (எலக்ட்ரான் அடர்த்தியை வைத்துச் செய்யும் குவாண்டம் கணக்கு, ஜிபாவுக்கும் அடிப்படை அதுதான்) படித்துப் பழகிய எந்திரக் கற்றல் நிரல். அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று சொன்னால், ஒவ்வொன்றின் மறைப்பையும் (சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தை எவ்வளவு தடுக்கின்றன என்பது, சிகரத்தின் இடம் இதிலிருந்துதான் வரும்) உடனே தருகிறது. பெரிய படிகங்கள் ஆறை 6 நிமிடத்துக்குள் முடித்ததாகவும், ஜிபாவில் அதற்கே 16 சிபியு ஆண்டுகள் (ஒரே ஒரு செயலி ஓடினால் ஆகும் காலம்) பிடிக்கும் என்றும் உருவாக்கியவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

வேகம் சரி, பிழை எவ்வளவு? முதல் பதிப்பில் ஹைட்ரஜனுக்கு 0.49 பிபிஎம் (சிகரத்தின் இடத்தை அளக்கும் அலகு), கார்பனுக்கு 4.3. ஹைட்ரஜன் சிகரங்கள் இருபது பிபிஎம்முக்குள் பரவிக் கிடப்பதால் அரை பிபிஎம் என்பது உபயோகமான எண். கார்பனில் அப்படியில்லை, பக்கத்துப் பக்கத்து அரோமாட்டிக் (பென்சீன் போன்ற வளைய) கார்பன்களைப் பிரிக்க 4.3 உதவாது. இன்னொன்று, இந்தப் பிழைகள் டிஎஃப்டியோடு ஒப்பிட்டவை, சோதனையோடு அல்ல. டிஎஃப்டியின் சொந்தப் பிழை தனிக் கணக்கு.

அப்புறம் ஒரு பொறி. நிரலுக்குக் கொடுக்கும் படிக அமைப்பு பெரும்பாலும் எக்ஸ்கதிரில் எடுத்தது; எக்ஸ்கதிர் எலக்ட்ரானைத்தான் பார்க்கும், அணுக்கருவை அல்ல. அதனால் அதில் வரும் சி-ஹெச் பிணைப்பு உண்மையைவிடச் சுமார் 0.1 ஆங்ஸ்ட்ராம் குட்டையாக இருக்கும். அந்தக் கோப்பை அப்படியே கொடுத்தாலும் இந்த நிரல் கூசாமல் எண்களைத் தந்துவிடும்! முதலில் ஹைட்ரஜன்களை டிஎஃப்டியில் தளர்த்தி, சரியான இடத்துக்கு நகர்த்தியாக வேண்டும். விளம்பரத்தில் வராத நேரம் அங்கேதான் போகிறது.

2022-ல் வந்த இரண்டாம் பதிப்பு ஃபுளூரின், பாஸ்பரஸ், குளோரின், சோடியம் என 12 தனிமங்களைத் தொடுகிறது. மருந்து உப்புகளோடு மாரடிப்பவர்களுக்கு இதுவே பெரிய ஆறுதல்.

ஒரே மூலக்கூறுக்குக் கணினி ஐம்பது படிக அமைப்புகளைக் கணித்துக் கொடுத்தால், நான் முதலில் ஹைட்ரஜனை வைத்து ஷிஃப்ட்எம்எல்லில் சலித்தெடுத்துவிடுவேன். மிஞ்சும் இரண்டு மூன்றுதான் ஜிபாவுக்குப் போகும். குளோரினின் நான்முனை இணைப்பு மாறிலி (அணுக்கரு தன்னைச் சுற்றியுள்ள மின்புலச் சரிவோடு எவ்வளவு பிணைகிறது என்பது) தேவைப்பட்டாலும் அங்கேதான் போக வேண்டும். ஷிஃப்ட்எம்எல் அதைக் கணிப்பதில்லை.