என் முறை வரும்போது: டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ், ஐந்தாண்டு அனுபவம்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில், 2021ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து, ஞாயிறு பின்னேரங்களில் நாங்கள் ஐந்து பேர் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாடி வருகிறோம். எனக்குச் சிறுவயதிலிருந்தே கொன்னை. பேச்சுத் தடை உள்ள ஒருவருக்கு, பேசியே ஆடவேண்டிய விளையாட்டு ஒன்று எவ்வாறு அமைந்தது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னேசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974இல் வெளியிட்ட விளையாட்டு இது. நாங்கள் ஆடுவது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. அதன் அடிப்படை விதிகளை இணையத்தில் இலவசமாகவே பெறலாம் என்பதால், எங்களுக்குச் செலவென்று இருந்தது ஒரு தொகுதித் தாயக்கட்டைகள் மட்டுமே. ஒருவர் உலகத்தையும் அதில் நடப்பதையும் சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று தாம் செய்வதைச் சொல்கிறார்கள். முல்லைத்தீவுக் கோவலன் கூத்தில் வேடம் கட்டிய ஒருவர் எங்களுள் இருந்ததால், கதை நடத்துபவரை முதல் நாளிலிருந்தே, கூத்தைப் பழக்கி நடத்தும் ஆசிரியரைச் சொல்வதுபோல, அண்ணாவியார் என்று அழைத்தோம். முடிவு ஐயத்துக்குரியதாக இருக்கும் இடங்களில், இருபது முகக் கட்டையை உருட்டி, வந்த எண்ணுடன் பாத்திரத்தின் திறமைக்குரிய எண்ணைக் கூட்டி, அண்ணாவியார் குறித்த இலக்கை எட்டியதா என்று பார்க்க வேண்டும். கட்டைகளைக் கண்ட அம்மா இது சூதாட்டம் என்றே நினைத்தார். காசு எதுவும் கைமாறுவதில்லை என்று அவர் நம்புவதற்குச் சில வாரங்கள் எடுத்தன.

கதையைத் தொடங்குமுன் ஒரு நாள் முழுவதும் எதை ஆடுவது, எதை ஆடக்கூடாது என்று பேசித் தீர்மானித்தோம். இந்த விளையாட்டை ஆடுபவர்களிடையே இது பரவலான வழக்கம். வன்னியில் வாழும் எங்களுக்கு இது தவிர்க்க முடியாத தேவையாக இருந்தது. செல்வீச்சு, இடப்பெயர்வு, காணாமற்போனவர்கள் ஆகிய மூன்றும் எங்கள் கதைக்குள் வரமாட்டா என்று எழுதிவைத்தோம். ஐரோப்பியக் கோட்டைகளுக்குப் பதிலாகப் பாலை மரமும் வீரை மரமும் நிற்கும் காடு, வற்றிய குளம், அதன் வான்கதவைக் காக்கும் பூதம் என்று எங்களுக்குத் தெரிந்த நிலத்தையே வைத்துக்கொண்டோம். அன்று எழுதிய கடைசி விதி, ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது அவருடைய வசனத்தை வேறு எவரும் முடித்துவைக்கக் கூடாது என்பது. அதை எழுதும்போது எவரும் என்னைப் பார்க்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

பாடசாலையில் உரத்து வாசிக்கும் நேரங்களில் என்னைத் தாண்டி அடுத்த வாங்குக்குப் போய்விடுவார்கள். அது இரக்கத்தால்தான் நடந்தது. ஆயினும் என் முறை என்று ஒன்று எனக்கு இருந்ததேயில்லை. அதனால் முதலில் அதிகம் பேசத் தேவையில்லாத ஒரு போர்வீரனைத் தெரிந்தெடுத்து, மற்றவரைக் கவரும் திறமையான வசீகரத்துக்கு மிகக் குறைந்த எண்ணாகிய 8ஐ வைத்தேன். "வெட்டுகிறேன்", "கதவை உடைக்கிறேன்" என்ற அளவில் ஆறு மாதங்கள் கழிந்தன. ஆனால் சண்டை தொடங்கினால் ஒவ்வொருவருக்கும் முறை வந்தே தீரும். அண்ணாவியார் என்னைத் தாண்ட முடியாது. நான்கு பேர் அமைதியாக என்னைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதை நான் முதன்முதலாக அனுபவித்தது அங்கேதான்.

இரண்டாவது கதையில், பாட்டாலும் சொல்லாலும் மந்திரம் செலுத்தும் பாடினி ஆனேன். மற்றவரை இணங்கச் செய்வதற்கு என் பாத்திரத்துக்கு ஐந்து கூடியது. இலக்கு 15 என்றால் கட்டையில் 10 விழுந்தாலே போதும், அதாவது நூற்றுக்கு 55 வாய்ப்பு. என் நாக்கு எவ்வளவு தடக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. சில குழுக்களில் விளையாடுபவர் எவ்வளவு சரளமாகப் பேசுகிறார் என்பதைப் பார்த்தே முடிவு சொல்கிறார்கள். இணையவழியில் அப்படியொரு குழுவில் இரண்டு தடவை இருந்துவிட்டு விலகினேன். பேச்சுத் தயக்கம் உள்ளவர்கள் ஒரு குழுவில் சேருமுன் இதை முதலில் கேட்டறிய வேண்டும்.

2022இன் மின்வெட்டுக் காலத்தில் மெழுகுதிரி வெளிச்சத்தில் ஆடினோம். பெற்றோல் கிடைக்காததால், பூசாரிப் பாத்திரம் ஆடியவர் பரந்தனிலிருந்து சைக்கிளில் வருவார். ஒரு பின்னேரம் அவருடைய பூசாரியின் உயிர்ப்புள்ளி பூச்சியத்துக்கு வந்துவிட்டது. அந்த நிலையில் ஒவ்வொரு முறையும் கட்டை உருட்ட வேண்டும். பத்துக்குக் குறைவாக மூன்று தடவை விழுந்தால் பாத்திரம் இறந்துவிடும். அவருக்கு ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தன. அடுத்த முறை என்னுடையது. பாடினியிடம் குணமாக்கும் சொல் என்றொரு மந்திரம் உண்டு. அறுபது அடி தூரத்திலிருந்து, கையால் எதுவும் செய்யாமல், சொல்லால் மட்டுமே செலுத்துவது. மந்திரத்தின் பெயரைச் சொன்னாலே விதிப்படி போதும். நான் பாடினி சொல்லும் அந்தச் சொல்லையே சொல்ல விரும்பினேன். "எழும்பும்" என்று சொல்ல எனக்கு நெடுநேரம் எடுத்தது. முதலெழுத்திலேயே மூச்சு நின்று நின்று வந்தது. அவர் தலையைக் குனியவுமில்லை, உதவவுமில்லை. அந்தச் சொல் தமக்கு உரியது என்பதுபோல் என் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார். நான் அவரை விரும்பத் தொடங்கியது அன்றுதான் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். அதை அவரிடம் சொல்ல இன்னும் ஓராண்டு சென்றது.

குறைகளும் உண்டு. பாத்திரங்களின் நிலை உயர உயர ஒரு சண்டையே முழுப் பின்னேரத்தையும் எடுத்துவிடுகிறது. விதிகள் ஆங்கிலத்தில் இருப்பதால் எங்களுள் ஒருவர் மற்றவர்களை நம்பியே ஆடவேண்டியிருந்தது. பிறகு தேவையானவற்றை ஒரு கொப்பியில் தமிழில் எழுதிக்கொண்டோம்.

2024இல், பூசாரியாக ஆடியவர் தம்முடைய பெரியவர்களை அனுப்பிப் பெண் கேட்கலாம் என்றார். நானே முதலில் வீட்டில் சொல்கிறேன் என்றேன். கலியாணம் என்ற சொல்லில் என் பேச்சு நின்றுவிட, அப்பா வழக்கம்போல அதை முடித்துவைக்க வாயெடுத்தார். மூன்று ஆண்டுகளாகக் குசினி வாசலில் நின்று எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைப் பார்த்திருந்த அம்மா அவரைத் தடுத்து, "பொறுங்கோ, அவளே சொல்லட்டும்" என்றார். இருவரும் காத்திருந்தார்கள். நான் சொல்லி முடித்தேன்.