தீனி அடைக்கும் ரப்பர் பொம்மை: ஒரு கோடை முழுக்கப் பயன்படுத்திய பிறகு

நாய்க்கு உள்ளே தீனி அடைத்துக் கொடுக்கும் சிவப்பு ரப்பர் பொம்மையின் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று காட்பாடி நண்பர் கேட்கிறார். பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் அதன் நல்லது. வேலூரில் ஏப்ரல், மே மாதங்களில் காலை ஒன்பது மணிக்கு மேல் நாயைத் தெருவில் இறக்க முடியாது. தார் ரோடு பாதத்தைப் பொசுக்கிவிடும். சாயங்காலம் வரை அடைந்து கிடக்கும் நாய் செருப்பைக் குதறும், கேட்டைத் தாண்டி யார் போனாலும் குரைக்கும். தட்டில் வைத்தால் ஒரு நிமிடத்தில் காலியாகும் சோற்றை இந்தப் பொம்மைக்குள் அடைத்து உறையவைத்துக் கொடுத்தால் அரை மணி நேரம் போகும். நக்கி நக்கி ஓய்ந்து, அப்படியே படுத்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் அதைக் குறை சொல்லவே முடியாது.

ஆனால் அடைக்கத் தெரிய வேண்டும். எடுத்த எடுப்பில் உறையவைத்துக் கொடுத்தால் நாய் நாலு தடவை நக்கிப் பார்த்துவிட்டுப் போய்விடும். முதல் சில நாள் உலர் உணவை மட்டும் தளர்வாகப் போட்டு, உருட்டினாலே கொட்டும்படி கொடுங்கள். அடுத்து குழைந்த சோறு, வேகவைத்த பரங்கிக்காய், எலும்பும் உப்பும் இல்லாத கோழிக்கறி மூன்றையும் பிசைந்து, அழுத்தாமல் நிரப்புங்கள். அதுவும் பழகிய பிறகுதான் ஃப்ரீசர். பொம்மையின் பெரிய வாய் மேலே இருக்கும்படி டம்ளரில் நிறுத்தி, நடுவே ஒரு ஸ்ட்ராவை அடி ஓட்டை வரை செருகி, நாலு மணி நேரம் வைத்தால் இறுகிவிடும். கொடுக்கும் முன் ஸ்ட்ராவை உருவிவிடுங்கள். இது வெட்டி வேலை இல்லை. காற்றுக்கு வழி இல்லாவிட்டால் நாக்கு உள்ளே உறிஞ்சப்பட்டு மாட்டிக்கொள்ளும். ஒற்றை ஓட்டை உள்ள மலிவுப் பொம்மைகளைத் தொடவே வேண்டாம் என்பதும் இதனால்தான்.

வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை எதுவும் உள்ளே போகக் கூடாது. பீனட் பட்டர் தடவினால் லேபிளில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது நாய்க்கு விஷம். அடைப்பதையெல்லாம் அன்றைய சாப்பாட்டிலிருந்தே எடுங்கள், இல்லாவிட்டால் நாய் பெருத்துப்போகும்.

இனி என் ஆத்திரம். கழுவுவது. உள்ளே இரண்டு இடத்தில் இடுப்பு மாதிரி ஒடுங்குகிறது. அந்த மடிப்பில் சோற்றுப் பசை ஒட்டிக்கொண்டால் விரல் எட்டாது. லாங்கு பஜாரில் வாங்கிய பால் பாட்டில் பிரஷும் சுடுதண்ணீரும் இல்லாமல் ஒரு நாளும் சுத்தமாகாது. நாய் விட்டுவிட்டுப் போன பத்தாவது நிமிடம் எறும்பு சாரை பிடித்துவிடும். செவ்வெறும்பு ஏறிய பொம்மையை நாய் மறுபடி நக்கப் போனால் உதட்டிலும் நாக்கிலும் கடி வாங்கும். அதற்காக எறும்பு சாக்பீஸ் கோடு கிழிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அது பூச்சிமருந்து, நாய் நக்குகிற அதே தரை. வெயில் நாளில் தயிர் கலந்து அடைத்தால் ஒரு மணி நேரத்தில் புளித்த வாடை வேறு. இவ்வளவு விலை வைத்தவர்கள் கழுவுகிற ஆளை ஒரு நிமிடமாவது நினைத்துப் பார்த்திருக்கலாம்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. பொம்மை நாயைக் களைக்க வைக்கும், ஆனால் பொறுமையாக இருக்கச் சொல்லித்தராது. அதற்குக் காசே வேண்டாம், மூடிய கை போதும். அன்றைய உலர் உணவிலிருந்து பத்துப் பதினைந்து மணிகளை உள்ளங்கையில் வைத்து மூடி, நாயின் மூக்கு உயரத்தில் அசையாமல் பிடியுங்கள். நக்கும், பல்லால் வருடும், காலால் பிறாண்டும். 'நோ' சொல்லாதீர்கள், கையை இழுக்காதீர்கள். மூக்கு அரை நொடி விலகினாலும் கையைத் திறங்கள். பாய்ந்து வந்தால் மூடுங்கள். திறந்த கைக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருக்கும்போது மறு கையால் ஒரு மணியை எடுத்து வாயில் கொடுங்கள். திறந்த கையிலிருந்து நாயே எடுத்துக்கொள்ள விட்டால் ஆட்டமே கெட்டது: பாய்ந்தால் கிடைக்கும் என்றுதான் கற்றுக்கொள்ளும். பிறாண்டல் குறைவதற்கு முன் ஒரு முறை உச்சத்துக்குப் போகும். பலர் அங்கேதான் இரக்கப்பட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த முறை அந்த உச்சத்திலிருந்தே தொடங்கும். மூன்று நிமிடம் போதும். இன்னும் வேண்டும் என்று நாய் நிற்கும்போதே முடித்துவிடுங்கள்.

கை பழகினால் தரை. மணியைக் கீழே வைத்து, பாய்ந்தால் பாதத்தால் மூடுங்கள். பிறகு நின்றபடி கீழே போடுங்கள். பிறகு கயிறு கட்டி, கீழே கிடப்பதைத் தாண்டி நடங்கள். தாண்டியதும் அதைவிட ருசியானதை உங்கள் கையிலிருந்து கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆற்காடு ரோட்டில் பிரியாணிக் கடை ஓரம் நாயோடு நடப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். வெந்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். அந்த நேரத்தில் வாயைப் பிளந்து பிடுங்குவதைவிட, நாயே நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம்! சாப்பாட்டின் அருகே போனாலே உறுமும் நாயிடம் மட்டும் இந்த ஆட்டம் வேண்டாம், கடி விழும். அதற்குக் கால்நடை மருத்துவரையோ பயிற்சியாளரையோ முதலில் பாருங்கள்.

மூக்குக்கு வேலை வேண்டுமா, பழைய துண்டில் தீனியைத் தூவிச் சுருட்டிக் கொடுங்கள். துவைத்துக் காயப்போட்டால் எறும்பும் இல்லை, நாற்றமும் இல்லை. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் வெட்டுத்துண்டு சும்மா கிடைக்கிறதே என்று கடிக்கக் கொடுக்காதீர்கள். குரோம் ரசாயனம் போட்டுப் பதனிட்ட தோல் வாய்க்குப் போகிற பொருள் இல்லை.

ஆகவே நண்பரே, விலை இறங்கினாலும் வாங்க வேண்டாம். பக், ஷீட்ஸு மாதிரி சப்பை மூக்கு நாய்கள் வெயிலில் மூச்சுத் திணறும், அவற்றைப் பகலில் ஓடவிடவே முடியாது. அப்படி ஒன்றை வைத்திருப்பவர்கள் மட்டும் வாங்கட்டும், நாயின் கடைவாய்க்குள் முழுசாக நுழையாத அளவாகப் பார்த்து.