பேச்சு வராத குழந்தைக்குப் பட அட்டையா, டேப்லெட்டா, சைகையா?

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு நான்கு வயதாகியும் பேச்சு வரவில்லை என்றால், "படத்தைக் காட்டிப் பழக்கினால் அப்புறம் வாயே திறக்காது" என்று வீட்டில் ஒருவராவது சொல்வார். அந்தப் பயம் வேண்டாம். பேச்சுக்குத் துணையாகச் சைகையோ படமோ பழகிய, வளர்ச்சிக் குறைபாடு உள்ள 27 பேரின் நம்பகமான பதிவுகளை 2006இல் ஓர் ஆய்வுத் தொகுப்பு அலசியது. ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. 89 சதவீதம் பேருக்குக் கூடியிருந்தது.

சைகைக்குச் செலவில்லை, குளிக்கும்போதும் கை கூடவே இருக்கும். ஆனால் பார்த்துச் செய்வதே பல குழந்தைகளுக்குக் கடினம். விரல் சரியாக மடங்காவிட்டால் அம்மாவுக்கு மட்டும் புரியும், பள்ளி வேன் அண்ணனுக்குப் புரியாது. 'போதும்', 'இன்னும்', 'உதவி' என்று மூன்று சைகை கற்றுக்கொடுத்துத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அதையே முழு மொழியாக நம்ப வேண்டாம்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

பட அட்டை முறைகளில் பெயர் பெற்றது பெக்ஸ். அமெரிக்காவின் டெலவேரில் 1985இல் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் உருவாக்கியது. ஆறு கட்டங்கள் கொண்டது. இதன் பலம், குழந்தை ஆளைத் தேடி வந்து கையில் அட்டையைக் கொடுத்தாக வேண்டும் என்பது. அழுதுகொண்டே அலமாரியைப் பார்த்து நிற்கும் குழந்தைக்கு முதலில் தேவைப்படுவது இந்தப் பழக்கம்தான்.

முதல் கட்டத்துக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் முறுக்குத் துண்டுடன் எதிரே உட்கார்வார். மற்றவர் பின்னால் வாய் பேசாமல் இருந்து, குழந்தை முறுக்குக்குக் கை நீட்டியதும் அந்தக் கையை அட்டைக்குத் திருப்பி, அதை எதிரே இருப்பவரிடம் கொடுக்க வைப்பார். அட்டை கைக்கு வந்த நொடியே "முறுக்கு!" என்று சொல்லி, முறுக்கைத் தர வேண்டும். பெரும்பாலான வீடுகளில் கெடுவது இங்கேதான்: முன்னால் இருப்பவர் பொறுக்காமல் "என்ன வேணும்?" என்று கேட்டுவிடுவார். பிறகு குழந்தை அந்தக் கேள்விக்காகவே காத்திருக்கும். முதல் வாரங்களில் கேட்டதை மறுக்கவும் கூடாது. அதனால் ஒரு முறுக்கைப் பத்தாக ஒடித்து வைத்துக்கொள்ளுங்கள். சோப்புக் குமிழி இன்னும் வசதி.

அட்டை செய்யும்போது, வீட்டில் வாங்கும் அதே பிஸ்கட் பாக்கெட்டைப் படம் எடுத்து 5 செ.மீ. சதுரமாக முதலில் வெட்டி, பிறகு லாமினேட் செய்யுங்கள். சுற்றிலும் 3 மி.மீ. ஓரம் விட்டால்தான் எச்சிலும் தண்ணீரும் உள்ளே இறங்காது. ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி. ஒன்று நிச்சயம் சோபாவுக்கு அடியில் போகும். அட்டைகளைப் பத்திரமாக பீரோ மேல் வைப்பது, பேசுகிற குழந்தையின் வாயைப் பொத்துவது மாதிரி.

அட்டைகளை ஒரு பட்டையில் வரிசையாக ஒட்டி வாக்கியம் அமைப்பது நான்காம் கட்டம். இதில் ஆங்கிலப் பயிற்சிக் கையேட்டை அப்படியே பின்பற்றினால் தமிழ் உதைக்கும். அங்கே 'வேண்டும்' அட்டை முன்னால், பொருள் பின்னால். நம் வாக்கியப் பட்டையில் 'முறுக்கு' முதலில், 'வேணும்' கடைசியில் ஒட்ட வேண்டும். தெரிந்த அட்டைக்குப் பின்னால் ஒன்று கூடுகிறது, அவ்வளவுதான்.

டேப்லெட்டின் பலம், செயலியில் உள்ள படப் பொத்தானைத் தட்டினால் அது சத்தமாகப் பேசும். பாட்டி அடுப்படியில் இருந்தாலும் கேட்கும். சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் உண்டு. ஐஐடி பம்பாயின் ஜெல்லோ இலவசம். செயலியின் குரல் 'வேண்டும்' என்று மேடைத் தமிழ் பேசினால், 'வேணும்' என்று மாற்றி எழுதுங்கள், அல்லது உங்கள் குரலையே பதிவு செய்யுங்கள். பெற்றோர் சாப்பாட்டுப் பெயர்களாக நிரப்பிவிட்டு 'வேண்டாம்' பொத்தானை மறந்துவிடுகிறார்கள். மறுக்க வழி இல்லாத குழந்தை கடிக்கும், அடிக்கும்.

பொத்தானின் இடத்தை மாற்றாதீர்கள். நாம் விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டுவதுபோல் குழந்தையின் விரலும் இடத்தைத்தான் நினைவில் வைக்கிறது. ஆரம்பத்தில் எட்டு பொத்தான் போதும் என்றால், பெரிய பலகையில் மற்றவற்றை மறைத்து வையுங்கள். பிறகு திறக்கும்போது பழையவை அதே இடத்தில் இருக்கும். ஒரே பொத்தானை ஐம்பது தடவை தட்டினால் பிடுங்க வேண்டாம், அது மழலைதான்.

டேப்லெட்டைக் கெடுப்பது யூடியூப். ஒரே கருவியில் இரண்டும் இருந்தால் யூடியூப்தான் ஜெயிக்கும். பேசுவதற்கென்றே தனிக் கருவி வையுங்கள். ஐபேடில் கைடட் ஆக்சஸ், ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங் போட்டுச் செயலியைப் பூட்டுங்கள். பெரியவர்களும் பேசிக்கொண்டே தட்டிக் காட்ட வேண்டும். "போலாம், வெளியே" என்று நாம் தட்டாத வீட்டில் குழந்தையும் தட்டாது.

எங்கள் கணிப்பு: ஆளிடம் வரவே வராத குழந்தைக்கு, வீட்டில் இரண்டு பேர் தினமும் அரை மணி ஒதுக்க முடியுமானால், அட்டையில் தொடங்குங்கள். கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டும் குழந்தை ஆளைத் தேடத் தெரிந்துகொண்டாயிற்று; அதற்கு நேரே டேப்லெட். அட்டைப் புத்தகம் தடித்து, வேண்டியதைத் தேடுவதற்குள் குழந்தை கோபப்பட ஆரம்பித்தாலும் மாறலாம். மாறிய பிறகும் செயலியின் முதல் பக்கத்தை அச்செடுத்து லாமினேட் செய்து குளியலறைச் சுவரில் ஒன்று, பள்ளிப் பையில் ஒன்று வையுங்கள். சார்ஜ் தீர்ந்த நேரத்திலும் குழந்தைக்குத் தண்ணீர் கேட்க வேண்டியிருக்கும்.